உள்ளங்கைப் பொங்கல்

தம்பிக்குக் கல்லீரல் கொடுப்பதென்றால் முதலில் அவளுடைய கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது நாளாக மங்களேஸ்வரி ஒரு பருக்கை சோறு தொடவில்லை. சோறும் இனிப்பும்தான் கல்லீரலில் கொழுப்பாகப் படியுமாம்; அதனால் முட்டை, வெண்ணெய், கீரை என்று குமட்டக் குமட்ட விழுங்கினாள். நாளைக்கு ஸ்கேன். இன்று தம்பி பேருக்கு அர்ச்சனை முடித்த குருக்கள் அவள் உள்ளங்கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார். விரலிடுக்கில் நெய் வழிந்தது.

"அவன் உசிருக்காகப் படைச்சதுடி, வாயில போடு" என்றாள் அம்மா.

விழுங்கினால் தம்பிக்கு ஆகாது. துப்பினாலும் ஆகாது. போட்டுக்கொண்டாள்.

"நல்லா வேண்டிக்கிட்டியா?"

வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். அசையாமல் நாக்கில் அடக்கிய பொங்கலிலிருந்து வெல்லம் தானாகவே கரைந்து தொண்டைக்குள் இறங்கத் தொடங்கியது.