புது மேலாளர்

பதினோரு வருஷமாக அந்தப் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த முறை மேலாளர் பதவி அவளுக்குத்தான் என்று லிஃப்ட்காரர் வரை பேசிக்கொண்டார்கள். ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் பக்கத்து மேஜைக்காரரின் பெயர் வந்தது. அவர் மார்ச் மாதம் மாரடைப்பில் இறந்துபோனவர். அலுவலகத்தின் சார்பில் மாலை வாங்கிக்கொண்டு போனதே அக்காதான்.

"சார், அவர் செத்து நாலு மாசம் ஆச்சு," என்றாள் மனிதவள அதிகாரியிடம்.

"தெரியும்மா. ஆனா பாருங்க, இந்த நாலு மாசத்துல அவர் யார்கிட்டயும் முகம் சுளிக்கல. நீங்க போன வாரம்கூட மீட்டிங்ல எதிர்த்துப் பேசியிருக்கீங்க."

மேலாளர் அறைக் கதவில் இறந்தவரின் பெயரை மாட்டினார்கள். கேக் வெட்டினார்கள். அக்காவுக்கும் ஒரு துண்டு வந்தது. அவள் அதைத் தொடாமல், நாலே வரியில் ராஜினாமா கடிதம் எழுதினாள். யாரிடம் கொடுப்பது என்று கேட்டதற்கு அந்த அறையைக் காட்டினார்கள். காலி நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை கடிதம் அவள் மேஜையில் கிடந்தது. மூன்று ஒற்றுப்பிழைகள் பச்சை மையில் திருத்தப்பட்டிருந்தன. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான். கீழே, "உள்ளே வந்து பேசவும்" என்றிருந்தது.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?" என்றாள் எதிர்மேஜைக்காரி.

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கச் சொன்னாரு. அவர் கையில எதுவும் இல்லையாம்."