பிளாட்டினம் திட்டம்

ஞாயிறு பகல் பன்னிரண்டு பத்து. சேலையூர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், சாப்பாட்டு மேசைமேல் மருத்துவக் காப்பீட்டின் மூன்று விளம்பரத் தாள்கள் கிடக்கின்றன: சில்வர், கோல்டு, பிளாட்டினம். பிளாட்டினத்தின் வழவழப்பில் ஜன்னல் வெயில் பட்டு ஜெரூஷாவின் கண்ணில் அடிக்கிறது. அவளுக்கு நான்காம் மாதம். "சில்வர்ல பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் கழிச்சுதான் கவர். பிளாட்டினம்னா பிறந்த அன்னைக்கே" என்கிறார் வேதசிரோமணி. ஞாயிறுகளில் சபையின் பாடகர் குழுவில் நிற்பவர். மற்ற நாட்களில் காப்பீட்டு முகவர். படிவத்தை அவரே நிரப்பிவிட்டார். அவள் கணவன் மெர்வின் பேனா மூடியைக் கழற்றுகிறான். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம், தம்பி." ஆண்கள் இருவரும் தலை குனிகிறார்கள். ஜெரூஷா கண்ணை மூடவில்லை. படிவத்தைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுக்கிறாள். விமானம் ஒன்று தாழப் பறக்க, அவர் குரலை உயர்த்துகிறார்: "இந்த மகளுடைய வயிற்றிலிருக்கும் சிசுவை ஆசீர்வதியும் ஆண்டவரே." அவள் விரல் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வியில் நிற்கிறது. தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா? 'இல்லை'க்கு நேராக நீல மையில் ஒரு டிக். "ஆமென்" என்கிறான் மெர்வின். வேதசிரோமணி கண் திறந்து அவள் விரலைப் பார்க்கிறார். சிரிக்கிறார். "ஜெபத்துல கண்ணைத் திறந்து வச்சிருந்தா எப்படிம்மா? அது சும்மா ஃபார்மாலிட்டி. ஆமான்னு போட்டா கம்பெனிக்காரன் இழுத்தடிப்பான்." மெர்வினின் பேனா தாளுக்கு மேலேயே நிற்கிறது. ஜெரூஷா அந்த டிக்கிலிருந்து விரலை எடுக்காமல் கேட்கிறாள்: "பிள்ளையை ஐசியூல வச்சுட்டு நாங்க நிக்கும்போது, இந்த டிக்கைக் காட்டிப் பணம் தர மாட்டோம்னு சொன்னா, அன்னைக்கு இதை யார் போட்டதுன்னு சொல்வீங்க, அங்கிள்?"