தண்ணீர்க் கம்ப்யூட்டர்

கட்டிய மனைவி படுத்த படுக்கையாய்க் கிடக்க, இந்த மனுஷன் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறானே!

ராஜரத்தினத்துக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ராஜபாளையத்து மில்லில் ஃபிட்டர் அவர். ஒரே தங்கை பரிபூரணத்தைப் பார்க்க, டேபிள் ஃபேன் ஒன்றைச் சாக்கில் சுற்றிச் சுமந்துகொண்டு, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்திருந்தார்.

வீட்டின் முன்னறைதான் தங்கை கணவன் எலியேசரின் டைப்பிங் கடை. கம்ப்யூட்டரின் வயிறு திறந்து கிடந்தது. பழைய கார் ரேடியேட்டர், மீன்தொட்டி மோட்டார், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இவற்றையெல்லாம் கோத்து, சூடு தணிக்க அவனே செய்த ஏற்பாடு. செம்புக் குழாயில் டியூப் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாய்க் கசிந்தது. அதைச் சுற்றிப் பேண்டேஜ் துணி.

"எங்க ஊர்ல மனுசனுக்குச் சுத்துறதை நீரு மெசினுக்குச் சுத்துதீரு. பேஷ்!"

"மூணு தரம் பிரிச்சு மாட்டிட்டேன் மச்சான். நிக்க மாட்டேங்குது. ஒரு சொட்டு உள்ள போர்டுல விழுந்தா அம்புட்டும் போச்சு. நீங்கதான் பாத்துத் தரணும்."

"இந்தத் தொல்லையே வேண்டாம்னுதான் ஃபேன் கொண்டாந்திருக்கேன். மெசினுக்கு நேரா திருப்பி வையும். முந்தி அப்படித்தான ஓடுச்சு?"

"ஃபேன் வேண்டாம் மச்சான்."

"ஏனாம்?"

எலியேசர் உள்ளறைத் திரைச்சீலையை ஒருமுறை பார்த்தான். பிறகு கசிந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஏன் என்று ராஜரத்தினத்துக்குத் தெரியாதா? கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்கள்கூட வந்து இந்தத் தண்ணீர்க் கம்ப்யூட்டரை வேடிக்கை பார்த்துப் போகிறார்களாம். அந்தப் பெருமை லேசில் விடுமா?

அந்நேரம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "தம்பி, கொஸ்டின் பேப்பர் பிரிண்ட் எடுத்தாச்சா?"

"ஃபிளாப்பியில தாரேன் சார். பஜார்ல எடுத்துக்கோங்க."

"பிரிண்டர் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார்..."

பிரிண்டரின் மேல் போர்வை போர்த்தியிருந்தது. வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

"வார யாவாரத்தையும் விரட்டுதீரு. புத்தி கித்தி பெரண்டு போச்சா ஓய்?"

எலியேசர் சட்டென்று எழுந்து திரையை விலக்கி உள்ளே போனான். யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. பேச்சிலிருந்து தப்ப நல்ல தந்திரம் என்று எண்ணியபடி ராஜரத்தினமும் பின்னால் போனார்.

துணி மூட்டைபோல் கட்டிலில் கிடந்தாள் பரிபூரணம். எலியேசர் அவள் தலையை நிமிர்த்தி, ஸ்பூனால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டதும் அவள் உதடு அசைந்தது. ராஜரத்தினம் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

"சாப்டியாண்ணே?"

வெறும் காற்றாய் வந்தது. சர்ச்சில் எல்லோருக்கும் பாட்டெடுத்துக் கொடுத்த குரல். தொண்டையில் வந்த நோய் முதலில் அந்தக் குரலைத்தான் தின்றது. கையைத் தூக்கவும் தெம்பில்லை.

வெளியே வந்தவருக்குத் துக்கமெல்லாம் கோபமாய்த் திரண்டது.

"நாளைக்கே எந்தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிருதேன். இங்க கெடந்தா, கூப்பிட்டாக்கூட என்னன்னு கேக்க நாதியில்ல. நீரு இந்தக் குழாயைக் கட்டிக்கிட்டு அழும்!"

எலியேசர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"இருக்கிற வரைக்கும் அவ எங்கிட்டயே இருக்கட்டும் மச்சான். இந்த ஒழுக்கை மட்டும் நிப்பாட்டிக் கொடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

இந்த நிலையிலும் ஒழுக்குத்தான் பெரிதா! ராஜரத்தினத்துக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும், கண்ணெதிரே நீர் கசிவதை ஃபிட்டரின் கை பார்த்துக்கொண்டிருக்காது. அரத்தை வாங்கிக் குழாயின் வாயைத் தடவிப் பார்த்தார்.

"பிசிறு நிக்குது பாரும். இது டியூபைக் கிழிச்சா எப்படி ஒழுகாம இருக்கும்?"

பிசிறை ராவினார். டியூபின் நுனியை நறுக்கி, வெந்நீரில் முக்கிச் சொருகிக் கிளாம்ப் போட்டு முறுக்கினார். எலியேசர் சுவிட்சைப் போட்டான். இருவரும் காத்திருந்தார்கள். அடியில் வைத்த புதுத் துணி நனையவே இல்லை. மெஷின் ஓடுகிறதா என்று ஐயப்படும்படி அறையே நிசப்தமாய் இருந்தது.

எலியேசர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதான்.

"தூ! மெசினுக்கு இம்புட்டு அழுகையா?" என்று சீறிவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி நடந்தார் ராஜரத்தினம். அவர் கொண்டுவந்த ஃபேன் சாக்கோடு மூலையில் கிடந்தது.

மறுமாதம் பரிபூரணத்தை அடக்கம் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்ற முடிவோடு, தங்கையின் படத்தை வாங்கிப் போக வந்தார் ராஜரத்தினம்.

தெருவிலேயே கேட்டது இரைச்சல். திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்கு எதிரே அவருடைய ஃபேன் கடகடவென்று சுழன்றுகொண்டிருந்தது. போர்வை போன பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. டியூப் காய்ந்து சுருண்டு ஆணியில் தொங்கியது.

"என்ன மாப்ளே, மறுபடி ஒழுகிருச்சாக்கும்?" என்று இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"இல்ல மச்சான். நீங்க மாட்டுனது கடைசி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல."

"பொறவு எதுக்குக் கழத்துனீரு?"

எலியேசர் அந்தத் திரைச்சீலையைப் பார்த்தான்.

"ஃபேன் ஓடுனா அவ கூப்பிடுறது எனக்குக் கேக்காது மச்சான். தன்னாலதான் இந்தப் பாடுன்னு அவ காதுல விழுந்தா மனசு நொந்துருவான்னு அன்னைக்குச் சொல்லல... இனிமே எம்புட்டுச் சத்தம் போட்டா என்ன?"