சார்லட்டுக்கு உசரம் போதாது

"இதையா மாப்பிள்ளை பெரிய ஊருன்னு சொல்றீங்க? எங்க அட்லாண்டாவுல ஆஸ்பத்திரி கார் நிறுத்துற கட்டடமே இதைவிட உசரமா இருக்கும்."

பஸ்ஸில் வந்து இறங்கியவளை அழைத்துக்கொண்டு ரோஷெல் இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறாள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அம்மா அர்னெட்டா ஆரம்பித்துவிட்டாள்.

ரோஷெல் அம்மாவின் கையைக் கிள்ளினாள். போனிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அவருக்கு பேங்க் வேலை போய் மாசக்கணக்காச்சும்மா. சோபாவே கதின்னு கிடக்கிறாரு. குளிக்கச் சொன்னாக்கூட நாளைக்குங்கிறாரு. நீ வந்து எதையும் குத்திப் பேசிடாதே."

"நான் என்னடி பேசப்போறேன்" என்று சொன்ன அதே வாய்தான் இது.

சோபாவில் படுத்திருந்த கார்னெல் தலையை மட்டும் தூக்கினான். அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் சார்லட்.

"தெரியாமப் பேசாதீங்க அத்தை."

"என்ன தெரியணும்? வர்ற வழியில உங்க டவுன்டவுனைப் பார்த்தேனே. தும்மி முடிக்கிறதுக்குள்ள தாண்டிப் போயிடுச்சு."

"அப்டவுன்."

"எது?"

"ஊர் நடுவை நாங்க அப்டவுன்னுதான் சொல்லுவோம். டவுன்டவுன்னு சொன்னா வெளியூர்னு தெரிஞ்சுடும்."

"பேருல அப் போட்டுட்டா கட்டடம் உசந்துடுமா மாப்பிள்ளை?"

ரோஷெல் அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "உனக்கு மனசாட்சியே கிடையாதா? அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த ஊரு ஒண்ணுதான்."

"நான் பார்த்ததைத்தானே சொன்னேன்" என்று அர்னெட்டா ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

மறுநாள் காலை, வெண்ணெய் மிதக்கும் சோளக்கஞ்சியோடு மறுபடியும் அதே பாட்டு.

"எங்க ஊருல டவுன்டவுன் ஒரு கூட்டம், மிட்டவுன் ஒரு கூட்டம், பக்ஹெட் ஒரு கூட்டம். மூணு இடத்துல முளைச்சு நிக்குது. ஜாக்சன் தெரு பாலத்துல நின்னு பார்க்கணும், கண்ணு ரெண்டு பத்தாது."

"முளைக்கலை அத்தை, சிதறிக் கிடக்கு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறதுக்குள்ள டிராஃபிக்ல தாடி வளர்ந்துடும். எங்களுது கைக்கு அடக்கமா ஒரே இடத்துல இருக்கு. நடந்தே சுத்தலாம்."

"அதான் நானும் சொல்றேன். ஒரு கைப்பிடிதான் இருக்கு."

கார்னெல் கரண்டியை டக்கென்று வைத்தான். "செருப்பை மாட்டுங்க. காட்டுறேன்."

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அவன் முகம் சிவந்திருந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"கிரீடம் வச்ச மாதிரி ஒரு கட்டடம் நிக்குது. ஊரு சின்னதா இருந்தா கிரீடம் வச்சுத்தானே உசரம் காட்டணும்."

"நாளைக்குக் குளத்துப் பூங்காவுலேர்ந்து காட்டுறேன். அங்கேர்ந்து பார்த்துட்டுப் பேசுங்க" என்று அவன் உள்ளே போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. ஒருநாள் ரயிலில், ஒருநாள் நடந்து. சாப்பிடும்போதுகூட ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடம் எத்தனை மாடி என்று தேடிக்கொண்டிருந்தான். ரோஷெலுக்கு அம்மாவைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. நொந்துபோன மனுஷனை இப்படியா வம்புக்கு இழுப்பது?

வெள்ளிக்கிழமை அர்னெட்டா எல்லையைத் தாண்டிவிட்டாள்.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. ட்ரயான் தெருவுல அந்த ஒரு பக்கம் மட்டும் வந்தா சட்டுனு சந்துல திரும்பிடறீங்களே. அங்க காட்டற மாதிரி ஒண்ணும் இல்லையோ?"

ரோஷெல் அம்மாவை முறைத்தாள். அவன் வேலை பார்த்த கட்டடம் இருப்பது அந்தப் பக்கம்தான். வேலை போன நாளிலிருந்து அங்கே அவன் காலெடுத்து வைக்கவில்லை. அது அம்மாவுக்கும் தெரியும்.

கார்னெல் போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு எழுந்து குளிக்கப் போனான். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டான்.

"வாங்க" என்றான்.

அன்று முழுக்க ரோஷெலுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. அவன் உடைந்துபோய் வந்தால் அம்மாவை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

கதவு திறந்தது. கார்னெல் சிரித்துக்கொண்டே வந்தான்.

"பழைய ஆபீஸ் வாசல்ல, முன்னே என்கூட வேலை பார்த்த டுவெயினைப் பார்த்தேன். இப்ப அவன் வேற ஒரு பேங்க்ல இருக்கான், அவன் பிரிவுக்கு ஆள் தேடுறாங்களாம், திங்கட்கிழமை வந்து பேசுன்னான். அதை விடு. அந்தக் கட்டடத்தைப் பார்த்துட்டு உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அட்லாண்டாவுல இதை வாசப்படின்னு சொல்லுவாங்களாம். நாளைக்கு இவங்களை நான் விடறதா இல்ல."

ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சவரம் செய்யப் போனான். அந்த முணுமுணுப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ரோஷெல் எண்ணிப் பார்த்தாள்.

அர்னெட்டா வீங்கிய பாதங்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லும்மா. நிஜமாவே இந்த ஊரு உனக்குப் பிடிக்கலையா?"

அர்னெட்டா குளியலறைக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்டவுனுக்கு என்னடி குறைச்சல்? கண்ணுக்கு லட்சணமா, நடக்கத் தோதா இருக்கு. எங்க ஊருல இப்படி நடக்க முடியுமா?"

'அப்டவுன்' என்று அம்மா வாயிலிருந்து இப்போதுதான் வருகிறது.

"அப்புறம் ஏம்மா வாரம் பூரா அவரை அப்படி வறுத்தெடுத்தே?"

"வந்த அன்னிக்கே ஊரு அழகா இருக்குன்னு சொல்லியிருந்தேன்னு வை. 'ரொம்ப சந்தோஷம் அத்தை'ன்னு சோபாவுல படுத்தபடியே சொல்லியிருப்பாரு."