மாமியார் சொல் தட்டாதவள்

"நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

மருமகள் பிரேக்கை மிதித்தாள். அதற்குள் ஜீப்பின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"பள்ளத்துல விழுந்தப்புறம் சொன்னா எப்படி அத்தை?"

"நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பள்ளம் வந்துடுச்சு. இவ்வளவு வேகம் எதுக்கு?" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த மாமியார்.

மண்மேட்டில் நின்ற ஜீப் கிளப் செயலாளர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். "மறுபடியும் முதல்ல இருந்து வாங்க!"

வயல்களுக்கு நடுவே ஒரு பள்ளம், ஒரு ஓடை, ஒரு மேடு. புதிதாக வருபவர்களுக்காகப் போட்ட சின்னத் தடம். இதை எங்கும் சிக்காமல் முடித்தால்தான் அடுத்த மாதம் நடக்கும் காட்டுவழிப் போட்டிக்கு இருவரும் பெயர் கொடுக்க முடியும். இன்றுதான் கடைசி நாள். காலையிலிருந்து ஓடையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போயிடலாமா அத்தை?"

"போனா? உன் புருஷன் பல்லை இளிச்சுக்கிட்டு நிப்பான். 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சொல்லுவான். எடு வண்டியை!"

முடிக்காமல் நகர்வதில்லை என்று மருமகளும் உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். எடுத்தாள்.

இந்த முறை பள்ளத்தைத் தாண்டினார்கள். அடுத்து வழியில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. மருமகளுக்கும் அது தெரிந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாததால் நேராகவே விட்டாள். ஜீப் இருவரையும் தூக்கிப் போட்டது.

"அடிப்பாவி! கல்லு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா ஏத்தினே?"

"நீங்கதான் ஒண்ணும் சொல்லலையே."

"எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

"ஆமா. நீங்க சொன்னாத்தான் திருப்புவேன்."

"வீட்டுல ஒரு நாளாவது இப்படி என் பேச்சைக் கேட்டிருப்பியா?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டீயரிங்கை விடவில்லை. நல்லவேளை, கொடி எழவில்லை.

மாமியார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"இடது... இன்னும் கொஞ்சம்... போதும், நேரா. ஓடை வருது, கியரைக் குறை. வலது பக்கம் ஆழமா இருக்கு, அங்கே போகாதே. மெதுவா... மெதுவா... இப்ப மிதி!"

தண்ணீர் கண்ணாடியில் வாரியடித்தது. ஜீப் உறுமிக்கொண்டே கரையேறி, மேட்டின் உச்சியில் போய் நின்றது.

செயலாளர் பச்சைக் கொடியோடு ஓடி வந்தார். மருமகளைத் தாண்டி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் மாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போன வருஷம் கோப்பை வாங்கின உங்க மருமக கண்ணை மூடிக்கிட்டே ஓட்டிடுற தடம்மா இது. நீங்க சொல்றபடி மட்டும்தான் ஓட்டணும்னு நான்தான் அவங்களைக் கட்டிப் போட்டிருந்தேன். பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்ற பரீட்சையில நீங்க பாஸ்!"