கை ஊன்றும் இடம்

முதல் பையன் ஓடிவந்து, ராஜரத்தினம் ஐயாவின் இரண்டு கன்னத்திலும் பளார் என்று அறைந்துவிட்டு அந்தப் பக்கம் போய் இறங்கினான்.

என் பக்கத்துக் கதிரையில் இருந்த நிரஞ்சன் முகத்தைச் சுளித்தார். அறை வாங்கியது அவருடைய அப்பா.

அப்பா இறந்து பல வருடம். முகம் மட்டும் ஸ்டிக்கராக மேசையில் ஒட்டப்பட்டிருந்தது.

பள்ளிக்கூடப் பையன்கள் ஓடிவந்து, கை ஊன்றித் தாண்டுகிற ஜிம்னாஸ்டிக் மேசை அது. நிரஞ்சன் கனடாவிலிருந்து வாங்கி அனுப்பியது. எங்கள் பக்கத்தில் அன்பளிப்பு என்றால் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். தண்ணீர்த் தாங்கி, பஸ் தரிப்பிடம், பிளாஸ்டிக் கதிரையின் முதுகு, எல்லாவற்றிலும் யாராவது ஒரு அமரர் இருப்பார். நிரஞ்சனுக்குப் பெயர் போதவில்லை. சரியாகக் கை ஊன்றும் இடத்தில் அப்பாவின் முகத்தையே பெரிதாக அச்சடித்து ஒட்டிவிட்டார்.

காலையில் அதற்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றி, எழுந்து நின்று மௌனமும் காத்தோம். பிறகு மாலையைக் கழற்றிவிட்டுப் பையன்களை ஏவிவிட்டோம்.

அந்த மாவட்டப் போட்டிக்கு நான் தலைமை நடுவர். இதற்கென்று இரண்டு நாள் பயிற்சி எடுத்தவள். மற்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் கரப்பந்து வாத்தியார், மற்றவர் சங்கீத வாத்தியார். நான் எழுதிய பிறகு எட்டிப் பார்த்து எழுதுவார்கள். எங்கள் தீர்ப்பில் ஒருநாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

பிரதம விருந்தினரான நிரஞ்சனுக்குப் புள்ளி போடும் முறை விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன்.

பாய்ச்சல் எவ்வளவு கடினமோ அதற்கு ஒரு புள்ளி. அதோடு, செய்கிற நேர்த்திக்குப் பத்து. அந்தப் பத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவோம். முழங்கால் மடங்கினால் கொஞ்சம், கால் விரிந்தால் கொஞ்சம், இறங்கித் தள்ளாடினால் கொஞ்சம், விழுந்தால் முழுதாக ஒன்று. கடைசியில் கால்களைச் சேர்த்து, நடுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். அதுவரை பாய்ச்சல் முடிந்ததாகக் கணக்கில்லை.

அடுத்த பையனும் அறைந்தான்.

"அப்பாவில கை படாமப் பாய ஏலாதோ, ரீச்சர்?"

"பாயலாம். பூச்சியம் கிடைக்கும்."

அதற்குப் பிறகு அவர் புள்ளியை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் ஊரில் அப்பாவின் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீராம். இன்றைக்கும் ஊரே அங்கேதான் அள்ளுகிறதாம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனத்துக்கு அள்ளுகிற கஷ்டம்கூட இல்லையாம். குடத்தைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்தால் போதுமாம், ஆள் வைத்து ஊற்றிக் கொடுப்பது அப்பா தொடங்கிய ஒழுங்காம். அவ்வளவு இரக்கம்.

நான் தலையாட்டினேன். நானும் அந்தக் கிணற்றில்தான் அள்ளுகிறேன்.

கடைசியாக நிருஷன் வந்தான். அந்தக் குடியேற்றத்துப் பையன்.

அவனைப் போலப் பாய்கிறவன் இந்த மாவட்டத்தில் இல்லை. கொழும்புப் போட்டிக்குப் போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது அவனுக்கு என்று நான் மனதில் எப்போதோ எழுதிவிட்டேன். நடுவர் அப்படி எழுதக்கூடாதுதான்.

ஓடிவந்தான். மேசைக்கு முன்னால் இருந்த துள்ளுபலகையில் மிதித்தான். எழும்பினான்.

கைகள் இரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டான்.

ஐயாவின் முகத்துக்கு மேலால் அப்படியே போய், மெத்தையில் ஆணி அடித்ததுபோல் நின்றான். ஒரு விரல்கூடப் படவில்லை.

மைதானம் முழுக்கக் கைதட்டியது. விரல் நுனியால் தொட்டிருந்தால் போதுமே, மடையன். பூச்சியம் போட்டேன். கரப்பந்தும் சங்கீதமும் எட்டிப் பார்த்துப் பூச்சியம் போட்டார்கள்.

அவன் கையை உயர்த்துவதற்குள் நிரஞ்சன் மெத்தைக்கே ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. ஒலிவாங்கி கேட்டார். உடனே கொடுத்தார்கள்.

இத்தனை பையன்களில் தன் அப்பாவை மதித்தவன் இவன் ஒருவன்தான் என்றார். புள்ளி கிடக்கட்டும், கொழும்புக்கு இவன்தான் போகவேண்டும், செலவு தன்னுடையது என்றார். அதிகாரிகள் வரிசையாகத் தலையாட்டினார்கள். விதி என்பது பிரதம விருந்தினர் வாய் திறக்கும்வரைதான்.

எனக்கும் சந்தோஷம்தான். பையன் சும்மா சிரித்துக்கொண்டு நின்றால் போதும், கொழும்பு.

நிரஞ்சன் அவன் தோளில் கை போட்டு, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்தார்.

"எல்லாருக்கும் சொல்லும் தம்பி, ஏன் ஐயாவில கை வைக்கேல்ல?"

நிருஷன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான்.

"உங்கட கிணத்துக் கயித்தில கை வைக்க எங்கட அம்மாவை விடுறேல்ல. அதுதான் நானும் ஐயாவில வைக்கேல்ல."

ஒலிபெருக்கியும் நிரஞ்சனின் அன்பளிப்புத்தான். நன்றாக வேலை செய்தது.

அவருடைய கை அவன் தோளிலிருந்து தானாக வழுகி இறங்கியது. தலையாட்டிக்கொண்டிருந்த அதிகாரிகள் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

நிருஷன் என் பக்கம் திரும்பினான். கால்களைச் சேர்த்து, என் கண்ணைப் பார்த்து, இரண்டு கைகளையும் உயர்த்தினான்.