பதில் சொல்லாத பெட்டி

இந்தக் காலத்தில் எவனும் எவன் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை என்று முனகியபடி அப்புக்குட்டன் மகளின் அறை வாசலில் நிற்கிறார். கண் ஆபரேஷனுக்கு நெய்யாற்றின்கரைக்குப் போக வேட்டி மாற்றியாயிற்று. சினி துணைக்கு வந்தால் போதும். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் அவள் கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னப் பச்சைப் பெட்டிகள், அவற்றுக்கிடையே கோடுகள். "இதெல்லாம் என்ன மக்கா?" ரப்பர் மரங்களைத் தாண்டி வந்த வெயில், அவள் குடிக்க மறந்த பாலில்லாத கட்டன்சாயாவில் கிடக்கிறது. "ஒவ்வொரு பெட்டியும் ஒரு புரோகிராம் ஆக்கும் அப்பா. ஒண்ணுக்கொண்ணு நேரே பேசாது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு காவக்காரன் உண்டு, அவனுவதான் பேசுவானுவ. அந்தக் காவக்காரனுவ எல்லாஞ் சேந்ததுதான் சர்வீஸ் மெஷ்." ஒரு பெட்டி சிவக்கிறது. "அதுக்கு என்னாச்சு?" "பதில் சொல்லல்ல. இனி சர்வீஸ் மெஷ் அதுகிட்ட ஒண்ணையும் விடாது. மத்ததுக்குக் கேடு வரப்பிடாதுல்லா." "அதைப் போய் ஆரு பாப்பா?" "ஆரும் பாக்கண்டாம். தானே சரியாவும். இல்லேண்ணா சிஸ்டமே அதைக் கொன்னுட்டு வேற ஒண்ணு வைக்கும்." அவள் விரல்கள் தட்டச்சை நிறுத்தவில்லை. "இதைப் பாதியில விட்டுட்டு வர ஒக்காது அப்பா. ஆட்டோ சொல்லியிருக்கேன். டிரைவர் ஆஸ்பத்திரியில கூடவே இருப்பாரு." முற்றத்தில் ஹாரன் அடிக்கிறது. அப்புக்குட்டன் குனிந்து, மங்கிய கண்ணால் அந்தச் சிவப்பை உற்றுப் பார்க்கிறார். "ஆரும் பாக்காம அது எப்பிடி மக்கா சரியாவும்," என்கிறார். பதிலுக்கு நிற்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி இறங்குகிறார்.